தெருவைப் பார்க்காத தையல் மெஷின்

தலைமை நாற்காலியில் தளராது வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, அவருக்கு வலப்பக்கம் வாய் நிறையச் சிரிப்போடு அமர்ந்திருக்கும் தயாரிப்பாளர் அவர்களே, இடப்பக்கம் கைக்கடிகாரத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசைக்கு முழு உரிமை பெற்ற மூத்தோர்களே, பிள்ளைகளை மடியிலும் பைகளைக் காலடியிலும் வைத்துக்கொண்டு பொறுமையே உருவாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பலகை அறுத்தும் பசை தடவியும் ஆணி அடித்தும் சாயம் பூசியும் இல்லாத ஊரை இருக்கும் ஊராகக் காட்டும் என் தொழில் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்கி என் பேச்சைத் தொடங்குகிறேன்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் அழைப்பதற்கே அரை நிமிடம் போய்விட்டது. பரவாயில்லை, பத்து நிமிடம் என்றால் மேடையில் இருபது என்று அர்த்தம். இது தலைவருக்கும் தெரியும்.

இந்தப் படத்தின் நூறாவது நாளில் எனக்கு ஒரு கேடயம் தருகிறீர்கள். எதற்காக? "உள்ளதை உள்ளபடி காட்டிய அரங்க அமைப்புக்காக" என்று அதில் பொறித்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரு தையல் கடையை அச்சு அசலாக எழுப்பினேனாம். சுவரின் காரை உதிர்ந்தது சரி, கதவின் கீல் துருப்பிடித்தது சரி, மேஜை மேல் கிடந்த சாக்கட்டி சரி, சட்டத்தில் மாட்டிய காலண்டர் சரி. எல்லாம் சரி. ஆனால் ஐயா, அந்தக் கடையின் நடுநாயகமான தையல் மெஷின் தப்பு. திசை மாறி நிற்கிறது. எனவே இந்தக் கேடயத்தை வாங்குவதற்கு முன் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு, தருவதா வேண்டாமா என்று நீங்களே தீர்மானம் செய்யுங்கள்.

படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பழைய ரவுடி. தலை நரைத்து, முழங்கால் வலித்து, வாலிபத்தில் தான் செய்த ஒரு கொலையை நினைத்துத் திரும்பி வருகிறார். கொலையுண்ட தையல்காரருடைய மனைவியின் காலில் விழுகிறார். நான்கு நிமிடம் அழுகிறார். அதற்கு நாங்கள் இரண்டு லாரி தண்ணீரை மழையாகப் பொழிந்தோம். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா இப்போதே கண்ணைத் துடைக்கிறார். அம்மா, கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போவதற்கும் தேவைப்படலாம்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? இயக்குநர் ஒரு பழைய செய்தித்தாளில் படித்தார். உண்மைச் செய்தியில் ரவுடி கிடையாது. தையல்காரரைக் கொன்றவர் அவருடைய மனைவியின் தம்பி என்று வழக்கு. பதினான்கு வருடம் சிறை. "மச்சினன் கொன்னான்னு எடுத்தா யார் பாப்பாங்க?" என்று இயக்குநர் ஒரு ரவுடியைக் கற்பனையாகக் கொண்டுவந்து நுழைத்தார். கற்பனைதான். அவரே சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

கடை எப்படி இருந்தது என்று அறிய நான் இரண்டு பேரைத் தேடிப் போனேன். முதலில் அந்த விதவை அம்மாவை. ஓய்வுபெற்ற நர்ஸ். பேச்சும் ஊசி போடுவது போலத்தான், தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. மேஜை எங்கே, கண்ணாடி எங்கே, மெஷின் எங்கே என்று காகிதத்தில் கோடு போட்டே காட்டினார். "மெஷின் எப்பவும் தெருவைப் பாத்துதான் இருக்கும். தைச்சுக்கிட்டே போறவங்க வர்றவங்களோட பேசணும் அவருக்கு" என்றார். உங்கள் தம்பி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். "எனக்குத் தம்பி இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

பிறகு அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அதே ஊர், அதே காய்கறிக் கடை, அதே பேருந்து நிறுத்தம். அவர் சிறையிலிருந்து வந்த நாள் முதல் அக்காவும் தம்பியும் எதிரெதிரே வந்தால் அக்கா தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். சிறையிலும் தைத்தார், வெளியே வந்தும் தைக்கிறார். ஒற்றை அறை, ஒற்றை மெஷின். தையல்காரராக நடிப்பவருக்கு மெஷின் மிதிக்கக் கற்றுத்தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உடனே சரி என்றார். எனக்கு ஆச்சரியம். உங்கள் வாழ்க்கையைக் கெடுத்த கதையாயிற்றே என்றேன். அவர் சொன்னார், "கதையிலயாவது வேற ஒருத்தன் பண்ணான்னு வருது சார். அதைக் கேக்கவே நல்லா இருக்கு. எங்கக்காவும் படம் பாக்குமில்ல?"

தோழர்களே, அந்த மனிதர் நீதி கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை, நிரபராதி என்ற பட்டமும் கேட்கவில்லை. அக்கா பேசவேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

படப்பிடிப்பில் இன்னொருவரும் இருந்தார். ரவுடி எப்படி நடப்பான், எப்படி நிற்பான், எப்படி முறைப்பான் என்று சொல்லிக்கொடுக்க ஓர் அசல் ஆள் வேண்டுமென்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தார். ஒரு காலத்தில் பெயர் சொன்னாலே கடைக் கதவை இழுத்து மூடுவார்களாம். இப்போது அறுபதைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். அதனால் பொத்தான் அண்ணன். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிட்டோம், கோபித்துக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒரு குணம். தப்பைப் பார்த்தால் பொறுக்கமாட்டார். தான் செய்த தப்பைச் சொல்லவில்லை. அடுத்தவர் செய்யும் தப்பைச் சொல்கிறேன். சிரிக்கிறீர்கள், இந்தக் குணம் நம்மில் பலருக்கும் உண்டு, எனக்கு அதிகம் உண்டு. நடிகர் ஓடினால் நிறுத்துவார். "ரவுடி ஓட மாட்டான் தம்பி. வேகமா நடப்பான். ஓடினா தெருவே திரும்பிப் பாக்கும்." நடிகர் கத்தியை உயரத் தூக்கினால் தலையில் அடித்துக்கொள்வார். "நீ குத்தப்போறியா, கொடி ஏத்தப்போறியா?" கற்றுக்கொடுத்த வேலையில் கடுகளவு பிசகும் கூடாது அவருக்கு.

கற்றுக்கொடுக்க வந்த இந்த இருவருக்கும் இரண்டு நாற்காலிகளை நாங்கள்தான் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். ஒரு தட்டில் இரண்டு டீ. பன்னிரண்டு நாட்கள். தையல் தம்பிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் யார் என்று தெரியாது. பொத்தான் அண்ணனுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. டீயை எடுத்துக் கொடுப்பார், குடிப்பதைப் பார்ப்பார், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அப்போதே ஓடிப்போயிருக்கலாமே என்று பின்னால் கேட்டேன். "போனா ஏன் போனேன்னு கேப்பாங்களே" என்றார்.

பன்னிரண்டாம் நாள், காலை பதினொரு மணி. கொலைக் காட்சி.

அதற்கு முன் வழக்கை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. மதியம் இரண்டேகால் மணிக்குத் தையல்காரர் கடைக்குள் மெஷினிலேயே சரிந்து கிடந்தார். குத்து முதுகில். போலீஸ் வந்து பார்த்தபோது மெஷின் தெருவைப் பார்த்து இருந்தது. அப்படியானால் குத்தியவன் வாசலில் நுழைந்து, அவர் கண் முன்னால் நடந்து, அவரைத் தாண்டிப் பின்பக்கம் போயிருக்கவேண்டும். அவர் எழுந்திருக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அந்நியனை யாராவது தன் முதுகுக்குப் பின்னால் விடுவார்களா? வீட்டு ஆள்தான். வீட்டு ஆள் யார்? கூட இருந்து தைக்கும் மைத்துனன். முந்தின நாள்தான், எதிரே தனியாகக் கடை போடப்போகிறேன் என்று தெருவே கேட்கச் சண்டை போட்டு, கொலை நடந்த அன்று கடைக்கே வராதவன். கத்தி கிடைக்கவில்லை. வழக்குக்கு அது தேவைப்படவும் இல்லை.

நீதிமன்றத்தில் அந்தத் தம்பியிடமே கேட்டார்கள்: மெஷின் எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்? அவர் நல்ல தையல்காரர், உண்மையைச் சொன்னார். "எப்பவும் தெருவைப் பாத்துதான் சார்." அந்த ஒரு பதிலுக்குப் பதினான்கு வருடம்.

இப்போது படப்பிடிப்புக்கு வாருங்கள். இளம் ரவுடியாக நடித்தவர் உள்ளே நுழைகிறார். தெருவைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்கிறார், விழிக்கிறார். அவரைத் தாண்டிப் பின்னால் போய்க் குத்தவேண்டும். இயக்குநர் நிறுத்தச் சொல்லிவிட்டு, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

பொத்தான் அண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். "நடை சரி. கை சரி. ஆனா அவர் இப்படி உக்காரலையே. வாசலுக்கு முதுகு காட்டில்ல உக்காந்திருந்தார்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் அரங்கில் தப்பா? "எப்படிண்ணே தப்பாகும்? அந்த வீட்டம்மாவே கோடு போட்டுக் கொடுத்தாங்க. கோர்ட்டு வரைபடத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"வரைபடம் போட்டவன் அப்ப அங்க இருந்தானா?" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. இயக்குநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணே, பிரமாதமான யோசனை" என்று கை தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில், பின்னால் இருந்த நாற்காலியில் இருந்து ஒரு குரல். உயராத குரல், நடுங்காத குரல். தையல் தம்பி கேட்டார்.

"கறுப்புத் துணியா இருந்துச்சா?"

பொத்தான் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஆமா."

"கரண்டு இருந்துச்சா?"

"இல்லை. ஃபேன் நின்னுக்கிட்டிருந்தது."

பெரியோர்களே, இங்கே தையல் தெரிந்த தாய்மார்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்க்கலாம். அதோ பத்துப் பேர், பதினைந்து பேர். உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கும்போது விளக்கு இல்லாவிட்டால் தையல் தெரியாது. வெளிச்சம் முகத்தில் அடித்தால் அறவே தெரியாது. தோளுக்குப் பின்னால் இருந்து துணியின் மேல் விழவேண்டும். கரண்டு போன மதியத்தில், கறுப்புக் கோட்டுத் தைத்தவர் மெஷினைத் திருப்பிப் போட்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். எந்தத் தையல்காரரும் அதைத்தான் செய்வார். கத்தியோடு வந்தவன் யாரையும் தாண்டிப் போகவே இல்லை. வாசலில் இருந்து நேராக வந்தான். தையல்காரர் அவனைப் பார்க்கவே இல்லை.

பிறகு ஓடிவந்த அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கியிருக்கிறார்கள். தூக்குவதற்கு மெஷினை நகர்த்தியிருக்கிறார்கள். நகர்த்திய நல்ல உள்ளம் எதுவோ, அது எப்போதும் நிற்கும்படியே தெருவைப் பார்த்துத் திரும்ப வைத்திருக்கிறது. ஒழுங்கு செய்வதாக நினைத்துச் செய்ததுதான்.

என் அருமைச் சபையோரே, ஒன்று கேட்கிறேன். அந்த வழக்கின் காகிதத்தில், கடையில் இருந்த பொருட்களின் பட்டியலில், "பாதி தைத்த கறுப்புக் கோட்டு, ஒன்று" என்று எழுதியிருக்கிறது. நானே படித்தேன். அதைப் படித்துத்தான் மெஷினில் கறுப்புக் கோட்டு ஒன்றை வைத்தேன். படித்தும் எனக்குப் புரிந்ததா? புரியவில்லை. குற்றம் சாட்டிய வக்கீல் படித்தார். அவர் போட்டிருந்தது கறுப்புக் கோட்டு. எதிர்த்து வாதாடிய வக்கீல் படித்தார். அவர் போட்டிருந்ததும் கறுப்புக் கோட்டு. தீர்ப்பு எழுதியவர் படித்தார். அவர் மேலும் கறுப்பு அங்கி. கறுப்பை உடுத்தியவர்கள் கறுப்பைப் பற்றிப் பேசினார்கள். கறுப்பைத் தைக்கத் தெரிந்தவன் கூண்டில் நின்றான். கறுப்புத் துணியை எப்படித் தைப்பாய் என்று அவனை ஒருவர் கேட்டாரா? ஒரே ஒருவர்? மெஷினில் கிடந்தது என்ன துணி என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா? எப்பவும் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கை தட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். யாரும் சாப்பிடவில்லை. பொத்தான் அண்ணன் ஆரம்பத்தில் இருந்து சொன்னார். தெருவில் நடந்த ஓர் அடிதடியைத் தையல்காரர் மெஷினில் இருந்தபடியே பார்த்துவிட்டாராம். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லிவிடுவாரோ என்று பயந்த ஒரு பெரிய மனிதர் இவரை அனுப்பினாராம். அனுப்பியவர் செத்து இருபது வருடமாகிறது. "வேணும்னா போலீசுக்கு இப்பவே வர்றேன்" என்று முடித்தார்.

தம்பி கையை உயர்த்தி நிறுத்தினார். "போலீசு அப்புறம். முதல்ல எங்கக்காகிட்ட வந்து சொல்லு."

அப்போதுதான் நான் அந்தப் பழைய ரவுடியின் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "கோர்ட்டுல சொல்றேன். நூறு பேர் முன்னாடி சொல்றேன். அந்தம்மா முகத்தைப் பாத்து என்னால முடியாது."

"பதினாலு வருஷம் என்னால முடிஞ்சுது" என்றார் தம்பி.

அரங்கச் சாமான் ஏற்றும் வண்டியில் மூவரும் போனோம். முன்னிருக்கையில் அவர்கள் இருவரும், பின்னால் பலகைகளோடு நான். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா திறந்தார். என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கதவைச் சாத்தப் போனார். பொத்தான் அண்ணன் ஒரு படி கீழே நின்றபடியே சொல்லத் தொடங்கிவிட்டார். மழை இல்லை, அழுகை இல்லை, காலில் விழவும் இல்லை. எங்கள் கதாநாயகர் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டதை இவர் ஐந்து வாக்கியத்தில் முடித்தார். அம்மா, நான்தான். இவர் இல்லை. மதியம் கரண்டு இல்லாத நேரம். அவர் மெஷினைத் திருப்பிப் போட்டுக் கறுப்புக் கோட்டுத் தைச்சுக்கிட்டிருந்தார். பின்னாடி இருந்து குத்தினேன்.

அந்த அம்மா கதவைப் பிடித்தபடி நின்றார். நர்ஸ் அல்லவா, ஒரு நோயாளியிடம் கேட்பது போலத்தான் கேட்டார். "அவர் உன்னைத் திரும்பிப் பாத்தாரா?"

"இல்லம்மா."

"கூப்பிட்டாரா யாரையாவது?"

"இல்லம்மா. உடனே சாஞ்சுட்டார்."

அப்புறம் தம்பி பக்கம் திரும்பினார். "நீ ஏண்டா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேன் அக்கா. கோர்ட்டுல உன்னைப் பாத்துத்தான் சொன்னேன். நான் இல்லன்னு."

"நீ இல்லன்னு சொன்னே. மெஷினைத் திருப்புவார்னு சொல்லலையே."

"கறுப்புத் துணின்னு எனக்கு யாரும் சொல்லலக்கா."

அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐயா, எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, படிக்கட்டின் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, பொத்தான் அண்ணனிடம் சொன்னார், "நீ இங்கேயே நில்லு. போலீசுக்கு ஃபோன் பண்றேன்." தம்பியிடம், "நீ உள்ள வா. சாப்பிட்டியா?" என்றார்.

போலீஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பொத்தான் அண்ணன் அந்தப் படியை விட்டு நகரவில்லை. ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன், உட்காரவில்லை. அவர் நல்லவர் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. முப்பத்தொரு வருடம் வாய் மூடி இருந்தவரை நல்லவர் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அன்று அவரைப் பிடித்துவைக்க ஆள் இல்லை, படி இறங்கினால் தெரு. இறங்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

படத்தில் மெஷின் ஏன் இன்னும் தெருவைப் பார்க்கிறது என்கிறீர்களா? திருப்பினால் நடிகரின் முகம் தெரியாதாம். இயக்குநர் தலை குனிகிறார். பாவம், அவரை விட்டுவிடுங்கள், அவர் தொழில் அவருக்கு. ஆனால் "உள்ளதை உள்ளபடி" என்று பொறித்த கேடயத்தை என் வீட்டில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. தலைவர் ஐயா, மன்னிக்கவேண்டும், இது இந்த மேஜையிலேயே இருக்கட்டும். அடுத்த வருடம் உண்மையான கடை ஒன்று கட்டுகிறேன், அப்போது வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே பல தொழில் செய்பவர்கள் இருக்கிறீர்கள். ஆளுக்கொரு சூட்சுமம் உங்கள் கையில் இருக்கிறது. நம்மை அற்பம் என்று நினைப்பவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கேள்வி முடிந்தது, இறங்கு என்று சொன்னாலும் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். எப்பவும் இப்படித்தான், ஆனால் சில நாள் அப்படி இல்லை என்று சொல்லுங்கள். அந்தச் சில நாளில்தான் ஒரு மனிதனின் உயிரும் மானமும் சிக்கிக்கொண்டு கிடக்கின்றன.

வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் எடுக்கிறார்கள். அந்த மனுவை எழுதிய அன்று வக்கீல் அலுவலகத்தில் நானும் இருந்தேன். முதல் கையெழுத்துப் போட வந்தவர் கொலையுண்டவரின் மனைவி. இப்படி நான் கேள்விப்பட்டதே இல்லை என்று வக்கீலே சொன்னார். படிவத்தில் ஒரு கட்டம்: தண்டனை பெற்றவர் உங்களுக்கு என்ன உறவு? வக்கீல் தானே எழுதிவிடுவதாகச் சொல்லிப் பேனாவை நீட்டினார். அந்த அம்மா அவர் கையில் இருந்து பேனாவை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கட்டம் சின்னது, ஒரு சொல்லுக்குத்தான் இடம். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, "தம்பி" என்று எழுதினார். எழுதிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "சரியா இருக்கா பாருடா" என்று காட்டினார்.

கொடுத்த நேரத்துக்கு மேல் பேச விட்ட தலைவருக்கும், கேடயத்தை வாங்காமல் விட்டும் கோபிக்காத தயாரிப்பாளருக்கும், கடைசி வரை இருந்து கேட்ட உங்களுக்கும் என் நன்றி. பார்த்து வீடு போய்ச் சேருங்கள். எல்லோருக்கும் வணக்கம்.